டாக்டர் அடைத்த ராணி

"ஏங்க, இன்னிக்கும் வெளிய வரலையா?"

மொட்டைமாடிக் கதவைப் பாதி திறந்து, பாதுகாப்பாக நின்றுகொண்டு கேட்டாள் மனைவி. பல் டாக்டர் இல்லை என்று தலையாட்டினார். மேலுதடு பன் மாதிரி வீங்கியிருந்தது.

தேனீப் பெட்டிக்குள் புது ராணித் தேனீயை வைத்து ஐந்து நாள் ஆகிறது. தீப்பெட்டி அளவுக் கம்பிவலைக் கூண்டில் அது இன்னும் ரிமாண்டில்தான் இருந்தது. ராணி நடமாடாத பெட்டியில் தேனீக்கள் சிடுசிடுவென்று திரிந்தன. கீழ்வீட்டில் குடியிருக்கும் வீட்டுக்காரர் தம் படுக்கையறையிலேயே நான்கு முறை கொட்டு வாங்கிவிட்டார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை, எட்டு மணிக்கு வந்து பாப்பேன் டாக்டர். உங்க பூச்சிங்க அடங்கலைன்னா பெட்டியும் போகணும், நீங்களும் போகணும்" என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வீடு போனால் வேறு வீடு. ஆனால் நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதருக்கு, மாலையில் பார்ப்பதற்கென்று இருந்த ஒரே நல்ல காட்சி அந்தப் பெட்டிதான்.

வினையை விலை கொடுத்து வாங்கியது அவரேதான். போன மாதம் தேனடைகளின் ஓரத்தில் நிலக்கடலை போல ஏதோ தொங்குவதைப் பார்த்தார். பல்லில் படியும் காரை ஞாபகம் வந்துவிட்டது. கிளினிக் கருவியால் ஒன்று விடாமல் சுரண்டி எறிந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் தேனீ விற்பவர் அன்றைக்கே போனில் அலறினார். "அய்யய்யோ, அதுக்குள்ளதான் அடுத்த ராணி வளருது டாக்டர்! பழசு பாதிக் கூட்டத்தோட எப்பவோ பறந்து போயிருக்கும். புதுசு அனுப்பறேன். கூண்டோட உள்ள தொங்க விட்டுட்டு சும்மா இருங்க."

சும்மா இருக்கத்தான் டாக்டருக்கு வராதே! இரண்டாம் நாள் புகை போட்டுப் பார்த்தார். காயப்போட்ட துணியெல்லாம் புகைநாற்றம் என்று மனைவி சத்தம் போட்டாள். நான்காம் நாள், எல்லோருக்கும் ஒரே வாசனை வந்தால் சண்டை வராது என்று ஒரு யோசனை உதித்தது. வாய் கொப்பளிக்கும் புதினா மருந்தைப் பெட்டிக்குள் தெளித்தார். உதடு வீங்கியது அப்போதுதான்.

வேறு வழியில்லாமல் மனைவியே தேனீ விற்பவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"மூணு நாள்ல வந்திருக்கணுமேம்மா! கூண்டு ஓட்டைய சர்க்கரை வெச்சு அடைச்சிருந்தேன். அது தீர்ந்துச்சா?"

மனைவி டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் தரையைப் பார்த்தார்.

"ஓட்டைக்குள்ள சர்க்கரை இருந்துச்சு" என்றார் வீங்கிய உதட்டோடு. "பாத்துட்டு எப்படி விடறது? சுத்தம் பண்ணி சிமெண்ட் வெச்சு அடைச்சிட்டேன்."

போனில் தேனீ விற்பவருக்குப் புரையேறியது.

"எந்த சிமெண்டு?"

"பல்லுக்கு வைக்கிறதுதான். பத்து வருஷம் அசையாது."

"டாக்டர்! கூண்டுக்கு வெளிய இருக்கற தேனீங்க அந்தச் சர்க்கரைய தின்னுதான் வழி திறக்கும். அதுக்குள்ள ராணி வாசனையும் பழகிடும். நீங்க வாசல்ல செவுரு கட்டிட்டீங்களே!"

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு வீட்டுக்காரர் தலை முதல் கால் வரை மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார். மாடியில் டாக்டர் கூண்டை இடது கையிலும் பல் குடையும் கருவியை வலது கையிலும் பிடித்திருந்தார்.

"வலிக்காது, அசையாம இரும்மா" என்றார் ராணியிடம். பழக்கதோஷம்.

கருவி கிர்ரென்றது. சிமெண்ட் தூள் தூளாக உதிர்ந்தது. கூண்டை அடைகளுக்கு நடுவே வைத்தார். ராணி மெல்லத் தலையை நீட்டியது. மறு நொடி நூறு தேனீக்கள் மொய்த்துக்கொண்டன.

"கொன்னுடுமாங்க?" மனைவி அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கொல்லவில்லை. இத்தனை நாளும் வலைக்கு வெளியிலிருந்து ஊட்டிவிட்டு ஊட்டிவிட்டு அவை நன்றாகப் பழகியிருந்தன. நக்கிக்கொடுத்து, விலகி, வழி விட்டன. ராணி மகாராணியாக அடைக்குள் நடந்து போனது. இரைச்சல் மெல்ல மெல்லத் தணிந்தது.

"அடங்கிடுச்சு!" டாக்டர் குதித்தார். உதடு விண்ணென்று வலித்தது. யார் கவலைப்பட்டது? பல் டாக்டரானதற்காக வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குப் பெருமையாக இருந்தது.

வீட்டுக்காரர் மழைக்கோட்டைக் கழற்றினார். ஒரு தேனீ அவர் மூக்கில் உட்கார்ந்தது, ஊர்ந்தது, பறந்துவிட்டது.

"என்ன டாக்டர், இவ்வளவு சாதுவா இருக்கு!"

"ராணி இருக்கற வீடு சார். அப்படித்தான் இருக்கும்."

"சரி, பெட்டியும் இருக்கட்டும், நீங்களும் இருங்க."

அப்போது, காலையிலிருந்து கீழ்வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த ஏசி மெக்கானிக் ஒரு கன்னத்தைப் பொத்திக்கொண்டு படியேறி ஓடிவந்தார்.

"ஐயா, சுவிட்சை அணைச்சாலும் பெட்ரூம் ஏசி இரையுதுன்னீங்களே, அதுக்குள்ள ஒரு மாசமா ஒரு கூட்டமே ராணியோட குடியிருக்கு, உங்களைக் கொட்டினது மாடியில இருக்கறது இல்ல, உங்க கட்டில் தலைமாட்டுல இருக்கறது!"