பாலத்தைத் தாண்டிய நுரையீரல்

1998ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினான்காம் நாள், சனிக்கிழமை. விடியற்காலை முதல் மழையும் பனியும் கலந்து கொட்டியமையால், கெங்-ஜார் கிராமத்துத் தெருக்கள் சேறாகிக் கிடந்தன. ஆயினும், சூயூம்கான் வீட்டு முற்றத்தில் எண்பது பேர் நின்றனர். பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிறதென்று கூட்டம் போட்டால் மூவர் வருகின்ற ஊர் அது. பேய் வருகிறதென்றால் பக்கத்து ஊரும் வரும்.

பேயின் பெயர் அல்பார்ஸ்த்தி. மஞ்சள் கூந்தற்காரி. கர்ப்பிணியின் நுரையீரலைத் திருடிக்கொண்டு நீர்நிலையை நோக்கி ஓடுவாள். அது நீரில் நனைந்தால் தாய் மாள்வாள். அவளை நேரில் கண்டவர் ஒருவருமிலர். அவளது கூந்தலின் நிறத்தை அறியாதவரும் ஒருவருமிலர்! அவளை விரட்டுவதற்கென்றே அவதரித்தவர் ஒஸ்மோன்குல். பதினேழு நுரையீரல்களை மீட்டவர். சென்ற மாதம் ஒரு பேயைப் பேருந்துக்குள் துரத்திச் சென்று, சீட்டு வாங்கவில்லையென்று நடத்துநரிடம் பிடித்துக் கொடுத்தாராம். நடத்துநர் யாரென்று எவரும் கேட்கவில்லை.

ஊர்ச் சுகாதார நிலையத்துச் செவிலி ராக்கியா அக்கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே நுழைந்தாள். சூயூம்கானின் மருமகள் தமீரா எட்டு மாதக் கர்ப்பிணி. முகமும் பாதங்களும் வீங்கியிருந்தன. தலை பிளப்பதாக முனகியவள், ராக்கியாவை அக்கா முறை வைத்து அழைத்தாள்.

"எஜே, கண்ணு முன்னாடி மஞ்சளா ஏதோ மின்னுது."

"பாத்தீங்களா! அவ தலைமயிருதான் அது!" என்று கூவினாள் சூயூம்கான்.

ராக்கியா இரத்த அழுத்தம் பார்த்தாள். நூற்றெழுபதுக்கு நூற்றுப்பதினைந்து. கருவிக்குப் பேயைத் தெரியாது. எண்ணைத்தான் தெரியும். வலிப்பைத் தடுக்கும் ஊசியைப் போட்டுவிட்டுச் சூயூம்கானைத் தாய் முறையில் அழைத்துச் சொன்னாள்:

"அபா, இது கர்ப்பத்துல வர்ற ரத்தக் கொதிப்பு. எந்த நேரமும் வலிப்பு வரலாம். வந்தா தாயும் போகும், பிள்ளையும் போகும். ஜீப்ப வாசல்லயே நிறுத்தியிருக்கேன். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம்ல இருக்கு? நுரையீரல் இல்லாத உடம்பு தண்ணியத் தாண்டினா செத்துப்போகும்னு பெரியவர் சொல்லிட்டார். அவர் மீட்டுத் தரட்டும், அப்புறம் கூட்டிட்டுப் போ."

அக்கணத்தில் முற்றத்தில் சாட்டையொலி கேட்டது. ஒஸ்மோன்குல் கொட்டகையை மும்முறை சுற்றினார். சமையற்கட்டின் பின்புறம் மறைந்து, "விடுடி, விடு!" என்று தாமே அலறினார். பின்னர்ச் சேறும் வியர்வையுமாய்த் தள்ளாடிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் இரத்தம் சொட்டும் நுரையீரல்!

எண்பது வாய்களும் ஒருசேரத் திறந்தன. சூயூம்கான் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கிடைச்சிருச்சு! ஆனா திரும்ப உள்ள ஏத்த நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஓதணும். அதுவரைக்கும் பாலம் பக்கமே போகக்கூடாது" என்றார் ஒஸ்மோன்குல்.

நாளை மாலை! ராக்கியா தமீராவின் வீங்கிய விரல்களைப் பார்த்தாள். மருத்துவம் பேசினால் இங்கு எடுபடாதென்று அவளுக்கு விளங்கியது. ஒஸ்மோன்குலை அண்ணன் முறை வைத்து அழைத்தாள்.

"பாய்கே, அப்போ இவ நெஞ்சுக்குள்ள இப்ப ஒண்ணுமே இல்லையா?"

"காலி! கவுத்து வச்ச வாளி மாதிரி."

ராக்கியா தன் காதுக்குழாயைக் கழற்றிச் சூயூம்கானின் காதுகளில் மாட்டினாள். மறுமுனையைத் தமீராவின் முதுகில் வைத்தாள்.

சூயூம்கானின் புருவங்கள் உயர்ந்தன. "உஸ்ஸு உஸ்ஸுன்னு துருத்தி ஊதற மாதிரி கேக்குதே?"

"வாளி மூச்சு விடுமா, அபா?"

உடனே கேட்பதற்கு வரிசை நின்றது. ஒருவர் தமக்கும் நுரையீரல் இருக்கிறதா எனப் பார்த்துக்கொள்ள விரும்பினார்.

ஒஸ்மோன்குல் அசரவில்லை. "அது மாத்துக்கு நான் அனுப்பி வச்ச காத்து!"

"சரி. பெரியவருக்காகக் காலையில ஆடு அறுத்தீங்களே, அபா. அதோட நுரையீரல் எங்க?"

கேள்வி சரியான இடத்தில் விழுந்தது. கெங்-ஜாரில் பேரப்பிள்ளையின் பெயரை மறந்தாலும் மறப்பார்கள். எந்த எலும்பு எந்த விருந்தாளிக்கு என்பதை மறக்கமாட்டார்கள். சூயூம்கான் சமையற்கட்டுக்குப் போய்க் கொப்பரையைத் திறந்தாள். தலை இருந்தது. ஈரல் இருந்தது. இதயம் இருந்தது. உள்ளே பால் ஊற்றி அவிப்பதற்காக நுரையீரலைத் தனியே வைத்திருந்த கிண்ணம் வெறுமையாய் இருந்தது.

திரும்பி வந்தவள் ஒஸ்மோன்குலின் கையருகே குனிந்தாள்.

"டேய் எர்கின்!" என்று மகனை அழைத்தாள். "அறுக்கும்போது கத்திய ஓட்டி ஒரு இடத்துல கிழிச்சியே, ஞாபகம் இருக்கா?"

"ஆமாம்மா. பால் ஒழுகிடும்னு நீதானே தச்சே."

"சிவப்பு நூல்ல தச்சேன்டா. இங்க பாரு!"

அனைவரும் பார்த்தனர். ஐந்து தையல். சிவப்பு நூல். இறுதியில் சூயூம்கானுக்கே உரிய இரட்டை முடிச்சு.

"பேய்க்கும் தைக்கத் தெரியும்..." என்று தொடங்கினார் பதினேழு நுரையீரல்களின் மீட்பர்.

"என் முடிச்சு தெரியுமாய்யா அதுக்கு?" நுரையீரலை வெடுக்கெனப் பிடுங்கினாள். "என் மருமக அங்க உயிருக்குப் போராடுறா, நீ என் கிண்ணத்துலயே கை வச்சிட்டு நாளைக்கு வான்னா சொல்றே?"

"அப்போ... பெரிய விருந்தாளின்னு எனக்கு வச்ச ஆட்டுத்தலை?"

"அது ராக்கியாவுக்கு!"

எர்கின் மனைவியைத் தூக்கி ஜீப்பில் கிடத்தினான். பாலம் வந்ததும், உடன் ஏறியிருந்த சூயூம்கான் கண்களை இறுக மூடி மூச்சையும் அடக்கிக்கொண்டாள். அறிவு வந்துவிட்டாலும் அச்சம் சற்றுத் தாமதமாகவே இறங்கும்.

"தாண்டியாச்சு அபா" என்றாள் தமீரா மெலிந்த குரலில். "நான் மூச்சு விட்டுட்டுத்தான் இருக்கேன். நீங்க விடுங்க."

மருத்துவமனையில் அறுவை செய்து குழந்தையை எடுத்தனர். தாய் பிழைத்தாள். பெண் குழந்தை, இரண்டு கிலோ நூறு கிராம். அது அலறிய அலறல் நடைக்கூடத்தின் கடைசி வரை எட்டியது. அதன் நுரையீரலைச் சோதிக்கக் குழாய் தேவைப்படவில்லை.

கொப்பரையில் ஒரு துண்டு குறைந்தால் ஊரையே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கின்ற மக்களே, பெறப்போகிறவள் உயிரைப் பந்தயம் வைக்குமுன் அதே கேள்வியை ஒருமுறை கேட்டால் என்ன? ராக்கியா தன் நிலையத்துப் பதிவேட்டில் பிறந்த நேரத்தை எழுதினாள்: மார்ச் பதினான்கு, மாலை நான்கு மணி முப்பத்தைந்து நிமிடம்.