நூற்றுக்கு நூற்று நாற்பத்திரண்டு

மதிய மணி அடித்தபோது பீக்கரின் அடியில் ஒரு சிட்டிகைதான் படிந்திருந்தது.

சுந்தரவல்லி மிஸ் அதைச் சாய்த்துப் பார்த்தாள். பத்து கிராம் பொட்டாசியம் சல்ஃபேட், ஐம்பது கிராம் அலுமினியம் சல்ஃபேட். காலையில் இரண்டையும் கரைத்துக் காய்ச்சி வைத்திருந்தாள். இந்நேரம் படிகாரம் குவிந்திருக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே புடவை முதுகோடு ஒட்டியது. அளந்ததில்தான் தப்பு என்று நினைத்தாள்.

கடைசிப் பீரியடில் தாளாளர் தயாளன் பாடம் பார்க்க வருகிறார். "உங்க வீட்டுக்காரர் தவறி மூணு மாசம்தான் ஆகுது. கஷ்டமா இருந்தா ஆறாம் கிளாஸ் எடுத்துக்கோங்களேன்" என்று ஹெச்.எம். சொல்லியிருந்தார். இன்று சொதப்பினால் பிளஸ் ஒன் வகுப்பு கையைவிட்டுப் போய்விடும்.

வீடு இரண்டு தெரு தள்ளி. குளியலறை அலமாரியில் கணவரின் ஷேவிங் செட் அப்படியே இருந்தது. பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் படிகாரக் கட்டி, அவர் கன்னத்தில் தேய்ந்து ஒரு பக்கம் வழுவழுப்பாக.

எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்து இடித்தாள். டிபன் பாக்ஸில் மறைத்துக் கொண்டுவந்து பீக்கரில் கொட்டி, மூடி வைத்துவிட்டு அடுத்த வகுப்புக்கு ஓடினாள்.

கடைசிப் பீரியடில் கரும்பலகையில் எழுதினாள். "எது முதல்ல தீர்ந்துபோகுதோ அதுதான் லிமிட்டிங் ரீஏஜென்ட். இங்க பொட்டாசியம் சல்ஃபேட். அதனால அதிகபட்சம் அம்பத்திநாலு கிராம்தான் வரும்."

வடிகட்டித் தராசில் வைத்தாள். எழுபத்தேழு.

"மிஸ், நூத்தி நாப்பத்திரெண்டு பர்சென்ட்!" என்றாள் முதல் பெஞ்ச் ஸ்நேகா.

"ஈரம்மா அது. துடைச்சா குறையும்."

வடிதாளில் ஒற்றினாள். எழுபத்தைந்து. பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

"அப்போ லிமிட்டிங் ரீஏஜென்ட் தப்பா மிஸ்?"

"ஆமா... தப்பா எழுதிட்டேன்." சரியாக எழுதியதைத் தானே அழித்து, அலுமினியம் சல்ஃபேட்டை வைத்துப் புதிதாகப் போட்டாள். அதிகபட்சம் எழுபத்தொன்று. அப்போதும் நூற்றைந்து சதவீதம்.

வகுப்பே சிரித்தது. சாக்பீஸ் உடைந்தது.

தயாளன் எழுந்தார். அப்பா காலத்து வயலை பிளாட் போட்டு விற்றுப் பள்ளி கட்டியவர்.

"இன்னா சிரிப்பு? நூத்துக்கு நூறு எல்லா ஸ்கூல்லயும்தான் வருது. நூத்தி நாப்பத்திரெண்டு எவன் எடுத்துக்கீறான்?"

"சார், நூறுக்கு மேல வரவே கூடாது சார்."

"அடக்கமா பேசாதீங்க டீச்சர். எங்க நெலத்துல ஒரு தபாகூட இப்டி வெளைஞ்சதில்ல. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல்ல பேனர் வெக்கறேன், உங்க போட்டோவோட. பிளஸ் ஒன் உங்களுக்குத்தான். வேற எவன் கேட்டாலும் குடுக்கமாட்டேன்."

மேசையிலிருந்த படிகாரம் மொத்தத்தையும் கர்ச்சீப்பில் கொட்டி முடிந்துகொண்டார்.

"சார், அது... அதுல..."

"என்னோட புது ஷோரூம் வாசல்ல கட்றேன். நம்ம ஸ்கூல் படிகாரம், கண்ணு பட்டாலும் தாங்கும்."

கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிள்ளைகள் போனபின் சுந்தரவல்லி காலித் தராசையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டு வாங்கியிருக்கலாம். என்ன சொல்லிக் கேட்பது?

லேப் உதவியாளர் ஏகநாதன் பீக்கரைக் கழுவாமல் கையில் பிடித்தபடி நின்றான்.

"எல்லாரும் சிரிச்சதுக்கு நான்தான் காரணம் மிஸ். திட்டுங்க."

"நீ என்னப்பா பண்ணே?"

"நீங்க மூடி வெச்சிட்டுப் போனீங்களே, இந்த வெக்கைல அது ஆறவே இல்ல. அப்புறம் தாளாளர் ஜூசுக்கு வாங்கின ஐஸ்ல இந்த பீக்கரைக் கொஞ்ச நேரம் வெச்சேன் மிஸ். அவ்ளோதான், தண்ணிக்குள்ள இருந்து தானா கடகடன்னு படிகாரமா பூத்துகினே வந்துச்சு."