வேதமுத்துவின் விருப்பம்

திங்கள்கிழமை காலை ராஜசேகர் கம்ப்யூட்டரைத் திறந்தபோது வேதமுத்து மறுபடியும் வேலைக்குத் திரும்பியிருந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம்தான் அவரைக் கம்ப்யூட்டரில் முறைப்படி ஓய்வுபெற வைத்துவிட்டு, ஏலப்பாறை பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போயிருந்தார் ராஜசேகர். நடுவில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் 'இல்லை' என்று இருந்த இடத்தில் 'ஆம்' என்று பச்சை நிறத்தில் சிரித்தது.

குருவிமலை எஸ்டேட்டில் ஆள் பற்றாக்குறை. அதனால் ஐம்பத்தெட்டு வயது முடிந்தவர்களும் விருப்பப்பட்டால் இன்னும் இரண்டு வருடம் வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. அதற்காகவே புது இணையதளத்தில் ஒரு கேள்வி: 'தொடர்ந்து வேலை பார்க்க விருப்பமா?' தொழிலாளி தன் போனிலிருந்தே ஆம், இல்லை என்று மாற்றிக்கொள்ளலாம். ஆபீஸிலிருந்தும் மாற்றலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தக் கேள்வி மூடிவிடும். அப்போது என்ன இருக்கிறதோ அதுதான் தலைமை ஆபீஸுக்குப் போகும்.

இந்த இணையதளம் வேண்டும் வேண்டும் என்று ஆறு மாதம் மேனேஜரிடம் மன்றாடி வாங்கியவர் ஆபீஸ் கிளார்க்கான ராஜசேகர்தான். ஆகவே அதில் எது கோணலாகப் போனாலும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது அவர் முகத்தைத்தான்.

முதலில் வந்து பார்த்த முகம் ஈஸ்வரனுடையது. தேயிலை ஃபேக்டரியில் ஆறு வருடமாகத் தற்காலிகம். வேதமுத்து போனால், கொழுந்தை உலர்த்தும் டிரையரில் அவர் இடம் இவனுக்கு நிரந்தரம்.

"சார், ஆம்னு காட்டுதாமே?" என்றான் வாசலில் நின்றபடி.

"ஏதோ தவறுதலா விழுந்திருக்கு. மாத்திட்டேன், போ."

"நிரந்தரமானாத்தான் சார் லயத்துல வீடு கெடைக்கும். ஆறு வருசமா மாமனார் வீட்ல இருக்கேன். எனக்கு முட்டை வைக்கிறத நிறுத்தி ரெண்டு வருசமாச்சு."

ராஜசேகர் நேரே ஃபேக்டரிக்குப் போனார். டிரையருக்கு முன்னால் புருவமெல்லாம் தேயிலைத் தூளோடு வேதமுத்து நின்றிருந்தார்.

"அண்ணே, ஒரு முடிவுக்கு வாங்க. இருக்கீங்களா, போறீங்களா?"

"மாதா சத்தியமா போறேன் சார்! முப்பத்தாறு வருசம் இந்தச் சூட்டுல வெந்தாச்சு. இனிமே ஒரு நாள் நிக்க மாட்டேன்."

"அப்ப ஆம்னு யாரு போட்டது?"

"எனக்கு அதத் தொறக்கவே தெரியாது சார். எம் மகன் ஜோமோன்தான் போன்ல ஏத்திக் குடுத்தான்."

"உங்க பாஸ்வேர்டு வேற யாருக்காவது தெரியுமா?"

"ஒருத்தருக்கும் தெரியாது. மறந்துறக் கூடாதேன்னு வீட்டுக் கதவுல சாக்பீஸால எழுதி வச்சிருக்கேன். அவ்வளவுதான்."

ராஜசேகர் கண்ணை மூடித் திறந்தார். அங்கேயே நின்று புது பாஸ்வேர்டு போட்டுக்கொடுத்து, கதவில் இருப்பதை அழிக்கச் சொன்னார். வேதமுத்து சொன்னபடியே செய்தார். பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதினார்.

செவ்வாய்க்கிழமை காலை: ஆம்.

ராஜசேகர் இல்லை போட்டார். பதினொரு மணிக்கு ஆம். மறுபடி இல்லை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஆம். அவர் மனதில் ஒரு சந்தேகம் முளைத்தது. மனுசன் வாயால் போகிறேன் என்கிறார். ஆனால் முப்பத்தாறு வருடம் நின்ற இடத்தை விட மனசு வரவில்லை. யாருக்கும் தெரியாமல் ஒதுங்கி நின்று ஆம் போட்டுவிட்டு, பிறகு வெட்கப்பட்டு மறைக்கிறார்.

"ராமுத்தாய்க்கா," என்றார், சாயா கொண்டுவந்த பெண்மணியிடம். ஆபீஸைப் பெருக்கி, சாயா போடுகிற ராமுத்தாய் வேதமுத்து இருக்கும் லயத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய அந்த வரிசை வீடுகளில்தான் குடியிருந்தார். "வேதமுத்தண்ணன் எப்படி? வீட்ல ஏதும் குழப்பமா?"

"தங்கமான மனுசன் சார். வேலைன்னா உசுரு. இன்னும் ரெண்டு வருசம் இருந்துட்டுப் போகட்டுமே, பாவம்," என்றார் ராமுத்தாய், கண்ணாடி தம்ளரை மேசையில் வைத்தபடி.

அவர் சொன்னது ராஜசேகரின் சந்தேகத்துக்கு முத்திரை குத்தியது போலாயிற்று. ஆனாலும் ஈஸ்வரனின் முட்டை நினைவுக்கு வந்தது. வாயால் சொன்னதுதான் கணக்கு என்று முடிவுசெய்து, இணையதளத்தைச் செய்த கொச்சிக் கம்பெனிக்குப் போன் போட்டார். டிஜோ என்ற இளைஞன் எடுத்தான்.

"சேட்டா, இது சாதாரணம். ஒரே பேஜை ரெண்டு பேர் திறந்தா, கடைசியா யார் சேவ் பண்றாங்களோ அவங்களோடதுதான் நிக்கும். முன்னால பண்ணினது போயி."

"அதுக்கு என்ன வழி?"

"ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு நம்பர் போட்டுத் தரேன். மாத்த மாத்த நம்பர் கூடும். நீங்க திறந்தப்ப இருந்த நம்பரும் சேவ் பண்றப்ப இருக்கிற நம்பரும் ஒண்ணா இருந்தாத்தான் ஏத்துக்கும். நடுவுல வேற ஆள் மாத்தியிருந்தா, ஏத்துக்காது."

"பிரமாதம்!" என்றார் ராஜசேகர். அந்தச் சொல்லை அவர் அந்த வாரத்தில் சொன்னது அதுவே கடைசித் தடவை.

புதன்கிழமை, வேதமுத்துவின் ஓய்வுப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தார். சேர்ந்த தேதி, பார்த்த வேலைகள், குடும்பம், கையில் சூடு பட்டு லீவில் இருந்த நாட்கள் என்று நான்கு பக்கம். ஒன்றரை மணிநேரம் தட்டி, கடைசியில் 'இல்லை' போட்டு, சேமி என்பதை அமுக்கினார்.

'நீங்கள் திறந்த பிறகு இந்தப் பதிவு மாற்றப்பட்டுள்ளது. மீண்டும் திறக்கவும்.'

மீண்டும் திறந்தார். நான்கு பக்கமும் காலி. 'ஆம்' மட்டும் இருந்தது.

இரண்டாம் தடவை ஒரு மணிநேரத்தில் நிரப்பினார். அதே பதில். மூன்றாம் தடவை நாற்பது நிமிடம். அதே பதில். நான்காம் தடவை நிரப்பவில்லை. கொச்சிக்குப் போன் போட்டார்.

"டிஜோ, என்னைத் தடுக்கிற கதவை எனக்கு எதுக்குய்யா வச்சே? ஆபீஸ் சொன்னா ஏத்துக்கணும். எனக்கு அப்படி ஒரு பட்டன் வேணும்."

"தரலாம் சேட்டா. ஆனா அது நம்பர் பார்க்காது. உங்க ஸ்கிரீன்ல என்ன இருக்கோ அதை அப்படியே மேல ஏத்திடும். சூட்சிக்கணும், ஜாக்கிரதை."

சாயங்காலமே பட்டன் வந்தது. சிவப்பு நிறத்தில், 'கட்டாயமாகச் சேமி.' ராஜசேகர் ஃபேக்டரி ஆட்களின் மொத்தப் பட்டியலையும் திங்கள்கிழமையிலிருந்தே ஒரு பக்கத்தில் திறந்து வைத்திருந்தார். அதில் வேதமுத்துவுக்கு நேரே அழகாக 'இல்லை' இருந்தது. மீசையைத் தடவிக்கொண்டு சிவப்பை அமுக்கினார். ஏற்றுக்கொண்டது.

வேதமுத்துவை மட்டுமல்ல, ஃபேக்டரி முழுவதையும் அது திங்கள்கிழமைக்குக் கொண்டுபோய்விட்டது.

புதன்கிழமை மதியம்தான் சூப்பர்வைசர் ஷிப்டுகளை மாற்றியிருந்தார். அந்த மாற்றமெல்லாம் அழிந்து, பழைய ஷிப்டின்படி எல்லோர் போனுக்கும் புதுச் செய்தி போயிற்று. பாதிப் பேர் அதைப் பார்த்தார்கள். பாதிப் பேர் பார்க்கவில்லை. விளைவு, வியாழக்கிழமை காலை இரண்டு ஷிப்டும் தூக்குவாளியோடு ஒன்றாக கேட்டில் நின்றது. ஒவ்வொரு இயந்திரத்துக்கு முன்னாலும் இரண்டிரண்டு பேர். 'நீ போ', 'நீ போ' என்று உபசாரம். மதியம் பார்த்தால் ஒரு ஆளும் இல்லை. வாட வைத்த கொழுந்து அதன் பாட்டுக்கு வாடிக்கொண்டிருந்தது. பிரசவ லீவில் போடிநாயக்கனூர் போயிருந்த செல்வலட்சுமிக்கு, 'ஏன் வேலைக்கு வரவில்லை?' என்று நோட்டீஸ் போயிற்று. அவள் பதிலுக்குக் குழந்தையின் போட்டோவை அனுப்பிவைத்தாள்.

மேனேஜர் ராஜசேகரைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லாமல் பேசினார்.

"ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்பச் சொன்னா, ஒரு ஷிப்டையே வீட்டுக்கு அனுப்பிட்டீங்களே ராஜசேகர்! சனிக்கிழமை பிரிவுபசாரம். லட்டு சொல்லியாச்சு, சால்வை வாங்கியாச்சு. அந்த மனுசன் போறாரா இல்லையா?"

"போறார் சார். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள போயிருவார் சார்."

"வேற மாதிரி கேக்குது. சரியாச் சொல்லுங்க."

திரும்பி வந்து பார்த்தால் மறுபடியும் 'ஆம்.' டிஜோ கடைசி மருந்தைக் கொடுத்தான். பூட்டு. ஒருவர் பதிவைத் திறந்து வைத்திருக்கும்வரை வேறு யாரும் அதைத் தொட முடியாது. பத்து நிமிடம் கை அசையாமல் இருந்தால் மட்டும் பூட்டு தானே திறந்துகொள்ளும்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே ராஜசேகர் வந்துவிட்டார். திறந்தார்.

'இந்தப் பதிவை இப்போது வேதமுத்து திறந்து வைத்திருக்கிறார்.'

ஜன்னல் வழியாகப் பார்த்தார். எதிரே ஃபேக்டரி வாசலில், இரண்டு கையாலும் ஒரு மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டிருந்தார் வேதமுத்து. போன் வைக்கத் தோதான பை எதுவும் அவர் உடம்பில் இல்லை. போனை எங்கோ ஒளித்துவைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல நிற்கிறார் என்று ராஜசேகர் நினைத்துக்கொண்டார்.

அன்று முழுக்க அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. மூன்று மணிக்கு ஒருவழியாகப் பூட்டு விடுபட, பாய்ந்து பிடித்தார். 'இல்லை' போட்டுச் சேமித்துவிட்டு, பக்கத்தை மூடாமல் அப்படியே வைத்துக்கொண்டார். ஐந்து மணிவரை பூட்டு தன் கையில் இருந்தால் போதும். ஒன்பது நிமிடத்துக்கு ஒரு தடவை மவுஸை ஆட்டினார். மதியச் சாப்பாடு பிரிக்கப்படாமலே கிடந்தது. ஆனால் காலையிலிருந்து குடித்த ஐந்து சாயா தன் வேலையைக் காட்டியது. நாலே முக்காலுக்கு இனி ஒரு நிமிடம்கூடத் தாங்காது என்றாயிற்று.

"ராமுத்தாய்க்கா! இங்க வாங்க. இந்த எலியைப் பிடிச்சு லேசா ஆட்டிக்கிட்டே இருங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். இதோ வந்துட்டேன்."

"அதுக்கென்ன சார், ஆட்டிக்கிட்டே இருக்கேன்."

ஓடிப்போய்த் திரும்பி வந்தபோது மணி நாலு ஐம்பத்தேழு. ராமுத்தாய் சொன்னபடி மவுஸைப் பயபக்தியோடு ஆட்டிக்கொண்டிருந்தார். திரையில் பச்சையாக 'ஆம்.'

"அக்கா! என்ன செஞ்சீங்க?"

"ஆட்டத்தான் சார் செஞ்சேன். ஆட்டுன ஆட்டுல எங்கயாவது பட்டிருக்கும்."

கோபப்பட நேரமில்லை. 'இல்லை' போட்டு அமுக்கினார். சுற்றியது. சுற்றியது. ஏற்றுக்கொண்டது. சுவர்க் கடிகாரம் ஐந்தைத் தொட, கேள்வி சாம்பல் நிறமாகி உறைந்தது. ராஜசேகர் நாற்காலியில் சாய்ந்து, பிரிக்காத சாப்பாட்டுப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை பிரிவுபசாரத்துக்கு எஸ்டேட் கிளப் நிறைந்திருந்தது. ஈஸ்வரன் முதல் வரிசையில், கையில் நிரந்தர உத்தரவோடும் வீட்டு உத்தரவோடும் இருந்தான்.

"பத்தாம் நம்பர் லயம் சார்! வேதமுத்தண்ணன் வீட்டுக்கு அடுத்த வீடு. அவங்க சம்சாரம் இன்னும் கொழுந்தெடுக்கிறதால அண்ணனும் அங்கேயேதான். ஒரு வருசமா யாருமே கேக்காம சும்மா கெடந்துச்சாம், என் அதிர்ஷ்டம்!"

ராஜசேகர் மைக்கைப் பிடித்தார். ஒரு வாரம் நெஞ்சில் அடைத்துக் கிடந்தது உருகி வந்தது.

"இந்த மனுசன் வாயால போறேன்னு சொன்னார். ஆனா மனசால போகலை. நான் இல்லைன்னு போடப் போட, இவர் ஆம்னு போட்டுக்கிட்டே இருந்தார். முப்பத்தாறு வருசம் நின்ன டிரையரை விட்டுப் பிரிய முடியாத பாசம்! அந்தப் பாசத்துக்கு நான் தலை வணங்குறேன்."

மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சால்வை போர்த்தப்பட்ட வேதமுத்து, என்ன சொல்கிறார்கள் என்று புரியாமல் சிரித்தார். பிறகு நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு நீளப் பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே பளபளவென்று ஒரு டிரம்பெட்.

"நாலு வருசமா கத்துக்கிட்டு வாறேன். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வந்து சாயங்காலம் வரைக்கும் வீட்ல ஊதுவேன். வாரத்துல ஒரு நாள் ஊதுனா வித்தை எங்கிட்டு வரும்? இனிமே தெனமும் ஊதலாம். காலையில அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சா ராத்திரி செபம் வரைக்கும் நேரம் கெடக்கு. மாதிரிக்கு ஒண்ணு ஊதுறேன், கேளுங்க."

ஊதினார். பிரேக் பிடிக்காத லாரி குட்டிக்கானம் இறக்கத்தில் ஒரு பசுமாட்டைக் கண்டு அலறியது போல ஒரு சத்தம் கிளம்பி, தகரக் கூரையில் மோதி, எல்லோருடைய பல்லிலும் வந்து இறங்கியது. மேனேஜரின் கண்ணாடி கை தவறிக் கீழே விழுந்தது. வெளியே கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

முடிந்ததும் ஈஸ்வரன் மட்டும் எழுந்து நின்று கைதட்டினான். பத்தாம் நம்பர் லயத்துக்காரர்கள் இரண்டு வரிசையாக, இழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். வேதமுத்துவின் மனைவி செபமாலையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

லட்டுத் தட்டோடு பக்கத்தில் நின்ற ராமுத்தாயிடம் ராஜசேகர் குனிந்து கேட்டார்.

"என்னக்கா இது, உங்க லயத்தாளுக ஒருத்தரும் கை தட்டலையே? எவ்வளவு ஆசையாத் திரும்பத் திரும்ப ஆம் போட்ட மனுசன்!"

ராமுத்தாய் ஒரு லட்டை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"அவரு எங்க சார் போட்டாரு? லயத்துல பதினோரு வீடு, முறை வச்சு நாங்கதான் போட்டோம். மொதல் முறை அவுக சம்சாரம்."