வெருளி போர்த்திய கம்பளி

பிடிக்காத பரிசு கைக்கு வந்தால் பொய் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அளவாகச் சொல்லத்தான் வராது.

கட்டாரில் ஒரு வீட்டில் வேலை செய்யும் தங்கச்சி, சில வருடங்களுக்கு முன் சித்திரைப் புத்தாண்டுக்குப் பார்சல் அனுப்பினாள். மனைவிக்குச் சேலை, பிள்ளைகளுக்குக் கைக்கடிகாரம், எனக்கு ஒரு கம்பளிப் போர்வை. ஒரு கைக்குழந்தை அளவு பாரம். நடுவில் இரண்டு வெள்ளைக் குதிரைகள் பாய்ந்தன. களுவாஞ்சிக்குடியின் சித்திரை வெயிலில் எனக்கு என் தோலே அதிகம்.

வீடியோ அழைப்பில் கேட்டாள்: "எப்பிடி அண்ணன், புடிச்சிரிக்கா?"

"நல்லாரிக்குகா" என்று நிறுத்தியிருக்கலாம். "இனி இது இல்லாம எனக்கு நித்திரையே வராது" என்றேன். பக்கத்தில் மனைவி கழுத்து வியர்வையைத் துடைத்தபடி என்னைப் பார்த்தாள்.

பிறகு ஒவ்வொரு அழைப்பிலும் தங்கச்சி போர்வையை விசாரிப்பாள்; நான் அதன் சுகத்தை வர்ணிப்பேன். அதுவோ அலுமாரிக்கு மேலே கிடந்தது. ஆடியில் வெல்லாவெளிப் பக்கம் எங்கள் வயல் வட்டையில் கதிர் முற்றி, குருவிகள் கூட்டமாக இறங்கின. அவற்றை விரட்ட வயலில் நிறுத்திய வைக்கோல் வெருளிக்கு உடுப்புத் தேடினேன். போர்வையில் கழுத்துக்கு ஓட்டை வெட்டியது நானேதான் (கத்தரிக்கோல் மனைவியுடையது, அவளுக்கு அவ்வளவுதான் பங்கு). சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பக்கத்து வெருளிகளில் எங்களுடையதுதான் வசதியானது.

ஆவணியில் தங்கச்சி லீவில் வந்தாள். மறுநாளே, "வட்டையப் பாத்திட்டு வருவம்" என்று ஆட்டோவில் ஏறிவிட்டாள். நானும் ஏறினேன். முதலே போய்க் கழற்றியிருக்கக்கூடாதா என்பீர்கள். எனக்கு அந்தப் போர்வையின் நினைவே இல்லை. அதுதான் இன்றைக்கும் கூசுகிறது.

வரம்பில் நின்று பார்த்தாள். "அண்ணன், அது நான் அனுப்பின குதிரைதானே?"

"ஓம்."

"அப்ப, போன வருசம் அனுப்பின சென்ட்?"

நான் நெல்லைப் பார்த்தேன்.

"அதுக்கு முதல் அனுப்பின சப்பாத்து?"

நெல் நன்றாகத்தான் விளைந்திருந்தது.

அவள் வயலுக்குள் இறங்கி, போர்வையைக் கழற்றி, தூசு போக உதறினாள்.

"அங்க அவங்கட ஏசிக் குளிருக்குள்ள முதல் ரெண்டு மாசம் நான் ஒழுங்காப் படுக்கல்ல. இதப்போல ஒண்டு வாங்கிப் போத்தின பிறகுதான் கண் மூடினது. அதான் உங்களுக்கும் ஒண்டு எடுத்தன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றே போர்வையைத் துவைத்துக் காயப்போட்டாள். கையில் கிடைத்த சிவப்பு நூலால் ஓட்டையைத் தைத்துத் தந்துவிட்டுத்தான் திரும்பிப் போனாள்.

இப்போது ஒவ்வொரு சித்திரைப் புத்தாண்டுக்கும் நடுப்பகலில் அழைப்பாள். "மச்சாள், அந்த வெருளியக் கூப்பிடுங்க" என்பாள் என் மனைவியிடம். நான் போர்வையைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு வந்து உட்கார வேண்டும். பிள்ளைகள் மறக்காமல் விசிறியை நிறுத்துவார்கள்.

"எப்பிடி அண்ணன் இரிக்கு?"

"அவியுதுகா."

அதைக் கேட்ட பிறகுதான் மற்றக் கதைக்கு வருவாள்.