வாசலை அடைத்த பங்கு

மதிப்புக்குரிய மைத்துனருக்கு,

இங்கு அனைவரும் நலம். வாசல் மட்டும் நலமில்லை. அங்கு உங்கள் வீடும் கடையும், அதாவது மாமனாரின் வீடும் கடையும், நலமா?

உங்கள் தங்கையின் பங்கு என்று நீங்கள் அனுப்பிய மர பீரோ வந்து சேர்ந்தது. சேர்ந்தது என்பதுகூடச் சரியில்லை. பாதி உள்ளே, பாதி வெளியே என்று நிலைப்படியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. ஏற்றி வந்தவர், "சார், கதவைப் பெருசாக்கணும், இல்ல பீரோவைச் சின்னதாக்கணும். யோசிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். அன்றிலிருந்து நாங்கள் சமையலறை வழியாகப் போய்வருகிறோம். தபால்காரர் கடிதங்களைப் பீரோவின் மேல் தட்டில் அடுக்கிவிட்டுப் போகிறார். உங்கள் தங்கை நேற்று அதன் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணனுக்குக் கிடைச்சது வாடகை கொண்டுவருது, எனக்குக் கிடைச்சது கரையான் கொண்டுவந்திருக்கு" என்றாள். இந்த அழகில், வீட்டில் பங்கு வேண்டாமென்று அவள் கையெழுத்துப் போட ஒரு விடுதலைப் பத்திரமும், "அவளுக்குத்தான் புருஷன் வீடு இருக்கே" என்று ஒரு துண்டுச் சீட்டும் வேறு.

வகுப்பில் சொல்வதுபோல் ஓர் உதாரணம் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். ஒரு தகப்பன் மகனுக்கு மரக்கன்றும் மகளுக்குப் பழமும் கொடுத்தான். அன்றைக்குப் பார்த்தால் பழம்தான் பெரிசு. பத்து வருஷம் கழித்து மகன் தோப்புக்காரன், மகள் கையில் கொட்டைகூட இல்லை. ஊர் என்ன சொல்லும்? பையன் கெட்டிக்காரன், பொண்ணுக்குச் சாமர்த்தியம் போதாதுன்னு சொல்லும். கன்று யார் கொடுத்தது என்று ஒருத்தராவது கேட்பார்களா? ஆகவே அவள் கையெழுத்துப் போடமாட்டாள். பீரோவைத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள், பாதி வீட்டை எழுதிவையுங்கள்.

குழந்தைகளுக்கு ஆசிகள். உங்கள் மனைவிக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் தங்கை இதை என் தங்கைக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டிவிட்டாள். அவள் வந்து பீரோவுக்கு அந்தப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். "அண்ணா, உதாரணம் பிரமாதம். அப்பா எனக்குக் கொடுத்த தையல் மிஷின் பழம். நீ குடியிருக்கியே அப்பாவோட வீடு, இதுதானே கன்னு?" என்கிறாள். உங்கள் தங்கையோ அவளுக்கு டீ போட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தப் புருஷன் வீட்டு விஷயத்தைத் துண்டுச் சீட்டில் சுருக்கமாக எழுதியிருந்தீர்கள். உடனே சற்று விரிவாக எழுதி அனுப்பவும்.