கிளாரா எப்படிச் சாகிறாள்?

திருமதி தார்ன்பரியின் ரயில் லாஸ் ஏஞ்சலிஸ் வந்து சேர இன்னும் ஐம்பத்தொரு மணி நேரம் இருந்தது. அவர் எழுதிய நாவலில் ஹாரியட் போல்க்குக்குப் படிக்க இன்னும் இருநூற்று எண்பது பக்கம் பாக்கி இருந்தது.

ஸ்டூடியோவின் கதை இலாகாவில் அவளுக்கு நாவல் படிக்கிற வேலை. வாரத்துக்கு மூன்று. ஒவ்வொன்றையும் இரண்டு பக்கத்தில் சுருக்கித் தர வேண்டும். மற்றவர்கள் அந்த இரண்டு பக்கத்தைப் படித்துப் படம் எடுப்பார்கள். போன வருடம் 'வெள்ளத்தின் வாரிசு' அவளிடம் வந்தது. நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஆற்றில் வெள்ளம் வந்தது. கூடவே வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது. நாயகி கிளாரா நீந்திக் கரையேறி, அப்பாவின் மாவு மில்லை மறுபடி ஓட்டுகிறாள் என்று ஹாரியட் தானாகவே முடித்துக் கொடுத்துவிட்டாள்.

படமும் அப்படியே எடுத்தாகிவிட்டது. இப்போது நாவலாசிரியை பார்க்க வருகிறார். முடிவு மாறியிருந்தால் நாவலின் பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. அதற்குப் பிறகு இந்த ஊரில் யாரும் ஹாரியட்டுக்கு ஒரு சோப்பு உறையைக்கூடப் படிக்கத் தரமாட்டார்கள்.

மதியத்துக்குள் படித்து முடித்தாள். கிளாரா நானூற்றுப் பதினான்காம் பக்கத்தில் மூழ்கிச் செத்துப்போயிருந்தாள். மீதிப் பக்கங்கள் முழுக்க ஊர்க்காரர்கள் அழுதார்கள்.

டைரக்டர் பிரெண்ட்வெல்லிடம் ஓடினாள்.

"சார், புத்தகத்துல முடிவு கொஞ்சம் வேற மாதிரி."

"எவ்வளவு கொஞ்சம்?"

"கிளாரா செத்துடறா சார்."

பிரெண்ட்வெல் வாயிலிருந்து பைப்பை எடுத்தார். "அது எனக்குத் தெரியாதா? புத்தகத்தைத் தலையணைக்கு அடியில வெச்சுத் தூங்கறவன் நான். பேப்பர்லயே வந்திருக்கு. தெரிஞ்சேதான் மாத்தினேன். கோஸ்லோ சார்தான் மாத்தச் சொன்னார்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தயாரிப்பாளர் கோஸ்லோ நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "நான் சொன்னேனா? ஒரு கமா மாத்தலைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கேன்யா! நாலு தடவை படிச்சிருக்கேன் அந்தப் புத்தகத்தை." ஹாரியட் பக்கம் குனிந்தார். குரல் இறங்கியது. "ஏம்மா, எப்படிச் சாகறா?"

"தண்ணில சார்."

"அதேதான். எனக்குத் தெரியும். நாளைக்கே சாகடிங்க!"

செய்தி கிளாராவாக நடித்த லோரீன் வேலுக்குப் போனது.

"நான் சாகமாட்டேன்," என்றாள் அவள். "மூல நாவல்ல கிளாரா சாகறதே இல்ல. மூணு தடவை படிச்சிருக்கேன். கடைசி அத்தியாயத்துல மில் சக்கரம் சுத்துமே, அங்க நான் எப்படி அழுதேன்னு எங்கம்மாவைக் கேளுங்க."

அந்தச் சக்கரத்தைச் சுற்றவைத்தவள் ஹாரியட்தான். பயத்துக்கு நடுவிலும் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மறுநாள் லோரீனைக் கெஞ்சிக் கூத்தாடித் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார்கள். பாவாடைக்குள் காற்று புகுந்துகொண்டது. அவள் வாத்து போல மிதந்தாள்.

"மூழ்கும்மா!" என்று கத்தினார் பிரெண்ட்வெல்.

"நான் மூழ்கறேன்யா! பாவாடை விடமாட்டேங்குது!"

"பாவாடையில ஏதாவது கனமா கட்டினா என்ன?" என்று ஹாரியட் மெல்லக் கேட்டாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஈயக்குண்டு கட்டினார்கள். லோரீன் அருமையாக மூழ்கினாள். இரண்டு பேர் குதித்துத் தூக்கினார்கள். மேலே வந்ததும் பிரெண்ட்வெல்லின் பைப்பைப் பிடுங்கித் தொட்டியில் எறிந்துவிட்டு, சொட்டச் சொட்ட வீட்டுக்குப் போய்விட்டாள்.

"எடுத்த வரைக்கும் போதும். எடிட்டர்கிட்ட கொடுத்துச் சேர்க்கச் சொல்லு," என்றார் கோஸ்லோ.

ஹாரியட் அப்படியே போய்ச் சொன்னாள். எடிட்டர் சேர்த்தார். பழைய முடிவை வெட்டச் சொல்லி அவரிடம் யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் திருமதி தார்ன்பரி நரித்தோல் போர்த்திக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அவருடைய பெட்டிகளைச் சுமந்துகொண்டு கணவரின் அக்கா மகள் ரூத் பின்னால் வந்தாள்.

படம் ஓடியது. வெள்ளம் வந்தது. கிளாரா மூழ்கினாள். ஊர்க்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். கோஸ்லோ நிம்மதியாக மூச்சு விட்டார்.

அடுத்த நிமிடம் கிளாரா பாவாடையைப் பிழிந்துகொண்டே கரையேறி வந்து மில்லைத் திறந்தாள். சக்கரம் சுற்றியது.

கோஸ்லோ பிரெண்ட்வெல்லைப் பார்த்தார். பிரெண்ட்வெல் ஹாரியட்டைப் பார்த்தார். ஹாரியட் தரையைப் பார்த்தாள்.

விளக்குகள் எரிந்தன. திருமதி தார்ன்பரியின் கன்னமெல்லாம் கண்ணீர்.

"என் புத்தகம்!" என்றார். "அச்சு அசலா என் புத்தகம்! ஒரு வார்த்தை மாறல!"

கோஸ்லோ அவர் கையில் முத்தமிட்டார். "நான்தான் சொன்னேனே மேடம்! ஒரு கமாகூட மாறல." பிரெண்ட்வெல் தன் தலையணைக் கதையை எடுத்துவிட்டார். மூவரும் சிரித்துக்கொண்டே சாப்பிடப் போனார்கள்.

ஹாரியட்டும் ரூத்தும் மட்டும் மிஞ்சினார்கள். ரூத் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். வேலை பிழைத்துவிட்டது, இனி யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் ஹாரியட்டால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இது புத்தகத்தோட முடிவு இல்லீங்க. நானா எழுதினது. நான் புத்தகத்தை முழுசாப் படிக்கல. நானூத்திப் பன்னிரண்டாம் பக்கத்தோட நிறுத்திட்டேன்."

"நானூத்திப் பன்னிரண்டா!"

ரூத் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளை மரியாதையோடு பார்த்தாள்.

"எங்க அத்தை முப்பதைக்கூடத் தாண்டினதில்ல. எழுதினது செத்துப்போன எங்க மாமாங்க."