மாப்பிள்ளைக்குக் கொள்ளும் கடலையும்

உடுமலைப்பேட்டையில் இருக்கும் என் தம்பி திருமூர்த்திக்கு, பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து உன் அக்காள் சென்னியம்மாள் தன் கையாலேயே எழுதுவது. இங்கே நாங்களும் மாடு கன்றுகளும் மாரியம்மன் புண்ணியத்தில் நலம். அங்கே நீயும் உன் வீட்டாரும் உன் பேத்தி, என் கண்ணு சின்னாத்தாளும் நலமாக இருக்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்புத் தேறியவள், நீ மூன்றோடு தப்பித்து ஓடியவன் என்பதால் எழுத்தைப் பெரிது பெரிதாகவே போட்டிருக்கிறேன். வேறு யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. இது குடும்ப விஷயம்.

தை மாதத்தில் கல்யாணப் பந்தியில் நாலு பேர் நடுவில் உட்கார்ந்துகொண்டு என் பேரன் நஞ்சுண்டனைக் காட்டி, "ஏனக்கா, இவன் சட்டையப் போட்டிருக்கறானா, இல்ல சட்டை இவனப் போட்டிருக்குதா?" என்று கேட்டாய். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இலையை விட்டு எழுந்திருக்க வேண்டியிருந்திருக்கும், அன்றைக்குப் பாயசம் நன்றாக இருந்தது. அதோடு விட்டாயா? "சித்திரை முடியறதுக்குள்ள ஒரு கடலக்கா மூட்டையத் தனியாளா வண்டில ஏத்தட்டும், எம்பட பேத்தியக் குடுத்துடறேன். இல்லீன்னா ஆனைமலைக்காரங்க கேட்டுட்டே இருக்கறாங்க" என்றும் சொன்னாய். நீ எழுந்து கை கழுவப் போய்விட்டாய். பையனோ அன்றையிலிருந்து கண்ணாடிக்கு முன்னால் நின்று கையை மடக்கி மடக்கிப் பார்க்கிறான். சின்னாத்தாளைத் தவிர வேறு பெண் வேண்டாமாம். பார்த்துக்கொண்டிருக்கிற எனக்குத்தான் கை வலிக்கிறது.

சரி, தெரிந்தவர்களைக் கேட்போம் என்று கோயமுத்தூர் கோட்டைமேட்டில் குஸ்தி சொல்லிக்கொடுக்கிற அப்துல் கையூம் வாத்தியாரிடம் அழைத்துப்போனேன். அவர் பையனின் புஜத்தைப் பிடித்து அமுக்கிப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்ல எலும்புதானுங்கம்மா. மேல போத்தறதுக்குத்தான் ஒண்ணையும் காணோம்" என்றார். பயில்வான்கள் பாதாம் பருப்பும் நெய்யும் சாப்பிடுவார்களாமே என்று பயந்துகொண்டே கேட்டேன். பஞ்சு விலை படுத்துக்கிடக்கிற காலத்தில் பாதாம் வாங்க வேண்டுமானால் மேட்டுக்காட்டை அடமானம் வைக்க வேண்டும். நல்ல மனுஷர், சிரித்துவிட்டார். "பாதாம எவனுங்கம்மா கண்டான்? நானே கடலக்காயும் கொள்ளும் தின்னு வளந்தவன். முட்டை குடுங்க, மோர் குடுங்க, பசி அடங்கின பொறகும் ரெண்டு வாய் சேத்தித் திங்கச் சொல்லுங்க. தண்டால் எடுக்கோணும், நல்லாத் தூங்கோணும். வேறென்ன?" என்றார்.

முட்டைக்கு நமக்கு என்ன குறை? வீட்டுக் கோழிகள் இருக்கின்றன. பையன் முட்டை குடிக்க ஆரம்பித்தான், அந்த வாரமே ஊரில் மாரியம்மன் நோம்பி சாட்டி, திருவிழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். கோயிலுக்கு முன்னால் கம்பமும் நட்டாயிற்று. கம்பத்தைப் பிடுங்குகிற வரையில் ஊருக்குள் கவுச்சி கூடாது, வீட்டில் கடுகு தாளிப்பதுகூட இல்லை என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நஞ்சுண்டன் தர்க்கம் பண்ணினான்: "முட்டை கவுச்சி இல்லீங்க அப்பத்தா. கோழி பாட்டுக்கு உசுரோடதானுங்க சுத்துது?" அவன் அம்மா நாச்சியம்மாள் அடுப்படியிலிருந்தே, "அப்போ முட்டைக்குள்ள இருக்கறது வெண்டக்காயா?" என்று கேட்டாள். கோழிகள் எங்களைக் கேட்காமலே முட்டையிட்டுக்கொண்டிருக்கின்றன, பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

பிறகு நானே யோசித்தேன். நம் காளைகள் முட்டையா குடிக்கின்றன? பருத்திக்கொட்டையும் கொள்ளும் தின்றுதானே அந்த ஆழக் கிணற்றிலிருந்து கவலைச் சாலில் தண்ணீர் இறைக்கின்றன? அதனால் காளைக்கு ஊறவைக்கிற கொள்ளில் ஒரு பங்கைப் பேரனுக்கு ஒதுக்கினேன். காலையில் பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்த பாலில் கருப்பட்டி, பொழுது ஏறினால் கம்பங்களியும் கொள்ளுப்பருப்பும், மதியம் தட்டப்பயிறு, நடுநடுவே வறுத்த கடலை, சாயங்காலம் ராகிக் கூழில் தயிர். எல்லாம் தோட்டத்து விளைச்சல், கடைக்கு ஓட வேண்டியதில்லை. ஆட்டுக்கல்லைச் சுற்றிச் சுற்றி என் தோள் இற்றுப்போயிற்று. காளை என்னை முறைக்கிறது. பையன் முகம் சுளிக்கிறான். "வயிறு கல்லாட்டம் இருக்குதுங்க அப்பத்தா" என்கிறான். "கல்லாட்டம் ஆகோணும்னுதானே கண்ணு குடுக்கறேன்" என்கிறேன்.

ஆனாலும் உடம்பு ஏறவில்லை. ஏன் என்று நானாகவே கண்டுபிடித்தேன். கம்பம் நட்ட நாளிலிருந்து ஊர்ப் பையன்கள் பொழுது சாய்ந்தால் அதைச் சுற்றி ஆடுகிறார்கள் அல்லவா? இவனுக்காக இவன் அப்பன் வேண்டிக்கொண்டிருக்கிறானாம், ஆடாமல் இருக்கக் கூடாதாம். பகலெல்லாம் நான் ஊட்டுகிறேன். பறை கேட்டதும் அவன் போய் அத்தனையையும் ஆடித் தீர்த்துவிட்டு வேர்த்து விறுவிறுத்து வந்து, சாப்பிடச் சக்தியில்லை என்று சுருண்டு படுக்கிறான். ஆட்டத்தை நிறுத்து என்று சொன்னால் ஆத்தாள் கோபித்துக்கொள்வாள், ஆடு என்றால் ஆனைமலைக்காரன் பெண்ணைக் கொண்டுபோய்விடுவான். நான் யாருக்கு என்று பயப்படுவது?

இருந்தாலும் முன்னைக்கு இப்போது பரவாயில்லை. சட்டை தோளில் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது. அதனால் நீ அவசரப்பட்டு ஆனைமலைக்கு வாக்குக் கொடுத்துவிடாதே. கம்பம் பிடுங்கினதும் முட்டை, ஆட்டுக்கால் எல்லாம் மறுபடியும் தொடங்கிவிடுவேன். ஆடிப்பெருக்கு வரைக்கும் தவணை கொடு. உன்னை இடுப்பில் தூக்கி வைத்துச் சோறு ஊட்டியவள் நான், என்னை மறுத்துப் பேச மாட்டாய். எனக்கு அலுத்துப் போயிற்று தம்பி. மாரியாத்தாள் உன் கிணற்றில் தண்ணீரும் உன் வாயில் நல்ல வார்த்தையும் வற்றாமல் வைக்கட்டும். சின்னாத்தாளுக்கு என் முத்தம், உன் பெண்டாட்டிக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
உன் அக்காள் சென்னியம்மாள்

பின்குறிப்பு: மேலே எழுதினதை ஒட்டுவதற்குள் வியாபாரியின் வண்டி கடலைக்காய் ஏற்ற வந்துவிட்டது. வண்டிக்கார வேங்கடசாமிக்குக் கையில் சுளுக்காம். நம் பையன் ஓடிப்போய் மூட்டையைக் கட்டிப்பிடித்தான். மூட்டை அசையவில்லை, அவன்தான் அசைந்தான். சட்டை இறுகினது துவைத்துச் சுருங்கினதாலாம், நாச்சியம்மாள் இப்போதுதான் சொல்கிறாள். எனக்கு ஆத்திரம் வந்து, "தள்ளு கண்ணு" என்று மூட்டையைப் பிடித்து ஒரு எக்கு எக்கினேன். அது வண்டிக்குள் போய் விழுந்துவிட்டது. வேங்கடசாமி சுளுக்குக் கையாலேயே மூட்டையைத் தட்டிப் பார்த்தான். பிறகுதான் விளங்கியது: அவன் பாதியில் வைத்துவிட்டு எழுந்த கொள்ளு, பயிறு, பருத்திப்பால் எல்லாவற்றையும், கொட்ட மனசில்லாமல் இத்தனை நாளும் தின்று தீர்த்தது நான்தான். நாச்சியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "ஏனுங்க அத்தை, சின்னாத்தாள உங்களுக்கே கட்டி வெச்சரலாமுங்களா?" என்கிறாள்.

ஆகவே தவணையெல்லாம் இனி வேண்டாம். எங்கள் வீட்டில் மூட்டை தூக்க ஆள் இருக்கிறது, பையனுக்குப் பெண்தான் இல்லை. ஆனைமலைக்குத்தான் கொடுப்பேன் என்று நீ இன்னமும் நின்றால், நேரே இங்கே வந்து ஒரு மூட்டையை நீ ஏற்றிக் காட்டிவிட்டுப் போய்க் கொடு. நான் பக்கத்திலேயே நிற்கிறேன், பயப்படாதே.